சாம்பல் கட்சியின் நாற்பது நாள்

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, இனிமேல் ஆளுக்கொரு வோட்டு, ஆணுக்கும் வோட்டு, பெண்ணுக்கும் வோட்டு, பல்லக்கில் போகிறவனுக்கும் பல்லக்குத் தூக்குகிறவனுக்கும் ஒரே ஒரு வோட்டு என்று தமுக்கடித்துச் சொன்ன வருஷத்தில், வெண்மணல்துறைக் கடற்கரையில் ஒரு கட்சி பிறந்தது. நெற்றியில் சாம்பல் பூசி நாற்பது நாள் தபசுக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனன்று காலைப் பூசை முடிந்த கையோடு பிறந்து, ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் சரியாக நாற்பது நாள் உயிரோடிருந்து, வோட்டுச்சாவடி வாசலிலேயே செத்தும் போனது. நாற்பது நாள் வாழ்ந்த கட்சிக்கு ஒரு கதையா என்று கேட்பீர்கள். நாற்பது வருஷம் வாழ்ந்த கட்சிகளெல்லாம் என்னத்தைக் கிழித்தன, சொல்லுங்கள் பார்ப்போம்.

கட்சியைப் பெற்றவர் மாதா கோயில் உபதேசியார் லெயோன். ஆனால் அது வேண்டியிருந்ததோ பிரிஜித்தாளுக்கு. நாற்பத்திரண்டு வயது, மீன்காரி, குரலெடுத்தால் அலைச்சத்தம் அடங்கிவிடும். அவள் புருஷன் சந்தியாகு கடலுக்குப் போவான், கரைக்கு வந்தால் தூங்குவான். இந்தக் கதையில் அவனுக்கு வேறு வேலை ஒன்றுமில்லை. பிரிஜித்தாளுக்கு வேண்டியிருந்தது காசு அல்ல, பதவி அல்ல, ஒரு தெரு. கோட்டைத்தெரு. கடற்கரையிலிருந்து சந்தைக்குப் போக அதுதான் நேர்வழி, கால்மணி நேர நடை. ஆனால் தெருவின் தலைமாட்டில் ஒரு வாசல், வாசலில் ஒரு பூட்டு, மீன்கடவம் சுமந்தவள் எவளும் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று எந்தக் காலத்திலோ எந்த ராஜாவோ போட்ட உத்தரவு. அதனால் வெண்மணல்துறைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உப்பளத்தைச் சுற்றி, கடல்தண்ணீர் ஏறும் கழியில் இறங்கி, கோடையில் முழங்கால் தண்ணீரிலும் மழையில் நெஞ்சளவு தண்ணீரிலும் நடந்து, விடிந்ததும் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குத்தான் சந்தையைக் கண்டார்கள்.

பனையோலைக் கடவம் நிறைய மீன் என்றால் அது ஒருத்தியால் தலையில் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. பக்கத்தில் நிற்பவர் ஒரு கை கொடுக்க வேண்டும். அதனால் எந்த ஊர்ச் சந்தையிலும் கடற்கரைப் பெண் வந்து நின்றதும் சொல்லுகிற முதல் பேச்சு, "ஒரு கை பிடிங்க" என்பதுதான். மூன்று வருஷத்துக்கு முந்திய ஐப்பசியில், கழி பெருகிக் கிடந்த காலையில், வரிசையில் கடைசியாக வந்த பிரிஜித்தாளின் தங்கை செசிலி அந்தப் பேச்சைத்தான் சொன்னாள். கால் சேற்றில் மாட்டிக்கொண்டது, தலையில் ஒரு மரத்துப் பாடு, ஒரு கட்டுமரம் பிடித்து வந்த மீன், முழுக்க இருந்தது, கீழே போட மனசில்லை. "அக்கா, ஒரு கை பிடி" என்று கத்தினாள். முன்னால் போய்க்கொண்டிருந்த பிரிஜித்தாள் திரும்பினாள். அவள் தலையிலும் கடவம். அவள் இறக்கி முடிப்பதற்குள் செசிலியைத் தண்ணீர் இழுத்துப் போய்விட்டது. கடவம் மட்டும் மிதந்து வந்தது, ஒரு மீன் குறையாமல். பிரிஜித்தாள் அந்தக் கடவத்தை வீட்டு எறவாணத்தில் கட்டித் தொங்கவிட்டாள். "கோட்டைத்தெரு வழியா இதைச் சந்தைக்குக் கொண்டு போறன்னைக்குத்தான் இறக்குவேன்" என்று மாதா கோயில் படியில் அடித்துச் சத்தியம் செய்தாள். பாவி, தன்னையே அவள் மன்னிக்கவில்லை.

இப்போது அந்த வாசலின் சாவி மணியக்காரர் இடுப்பில் இருந்தது. அவர்தான் அந்தப் பகுதிக்கு ராஜா சபை அங்கத்தினர், அவருக்கு முன்னால் அவர் அப்பா, அதற்கு முன்னால் தாத்தா. புது சர்க்கார் வந்து பழைய சாசனங்களையெல்லாம் கிழித்துப் போட்டபோது ஒன்றைக் கிழிக்க மறந்துவிட்டது: சபை அங்கத்தினர் யாரோ அவர் கையில்தான் கோட்டைவாசல் சாவி. அங்கத்தினரை ராஜா நியமிப்பார் என்ற இடத்தில் மட்டும் ஜனங்கள் வோட்டுப் போட்டு எடுப்பார்கள் என்று திருத்தியிருந்தார்கள். மணியக்காரர் இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். உபதேசியார் லெயோன் இதைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை.

லெயோன் ஒல்லியான மனிதர், ஐம்பது வயது, கலியாணம் கட்டாதவர், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தே தொண்டை தேய்ந்தவர். பங்குச்சாமியாருக்கு வரும் பத்திரிகைகளை அவர் படித்து முடித்தபிறகு வாங்கிப் படிப்பார். தூரதேசங்களில் சண்டை ஓய்ந்தபிறகு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்று ஒன்று கிளம்பியிருக்கிறதாம், வேதத்தையும் வோட்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ஏழைக்காகப் பேசுகிறதாம் என்று அவற்றில் கண்டிருந்தார். விபூதிப் புதனன்று, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு ஜனங்கள் கோயிலை விட்டு வெளியே வரும்போது, கொடிமரத்தடியில் ஒரு மேசையையும் ஒரு நோட்டையும் போட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டதிட்டம் எழுத அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரி மாதா சபையின் விதிகள்தான். மாதா சபை என்று வந்த இடத்திலெல்லாம் கட்சி என்று மாற்றிப் பதினோரு விதிகளையும் அப்படியே இறக்கியிருந்தார். பதினோராவது விதியைப் படித்தபோது ஊரே சிரித்தது. கட்சியைக் கலைக்க வேண்டுமானால் உறுப்பினர் ஒருவர் பாக்கியில்லாமல் ஓரிடத்தில் கூடி முழந்தாளிட்டு மாதாவை நோக்கி மூன்று அருள்நிறை மந்திரம் சொல்ல, தலைவர் நோட்டைத் தரையில் வைக்க வேண்டும்.

"பிறக்கும் முன்னமே சாவுச் சடங்கு எழுதிட்டீரே உபதேசியாரே!" என்றாள் பிரிஜித்தாள்.

"அது கிடக்கட்டும். ஊர் முச்சூடும் எந்தக் காலத்தில ஒண்ணாக் கூடியிருக்கு? வலைக்காரன் வந்தா மரக்காரன் வரமாட்டான். நம்ம கட்சிக்குச் சாவே கிடையாது" என்றார் லெயோன்.

வேட்பாளர் யார் என்று கேட்டபோது ஆண்கள் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். பிரிஜித்தாள் பெருவிரலை மையில் முக்கி நோட்டில் அழுத்திவிட்டு, "நான் நிக்கேன். சாவி என் கைக்கு வரணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் வந்தார்கள், பெண்களுக்குப் பின்னால் வேறு வழியில்லாமல் ஆண்கள் வந்தார்கள், அந்தி சாய்வதற்குள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு விரல்கள் அந்த நோட்டில் பதிந்தன.

மறுநாள் காலையில் முகம் கழுவினார்கள். சாம்பல் போகவில்லை.

வழக்கமாக மத்தியானத்து வேர்வையிலேயே கரைந்துவிடுகிற சாம்பல். சீயக்காய் போட்டார்கள், புளி போட்டார்கள், தேங்காய் நாரால் தேய்த்து நெற்றி சிவந்ததுதான் மிச்சம். சங்கு குளிக்கிறவர்கள் ஏழு பாகம் ஆழத்துக்கு மூழ்கி எழுந்து வந்தார்கள், சிலுவை அப்படியே வந்தது. கட்சியில் சேராத நாலைந்து பேருக்கு மட்டும் புதன்கிழமை மத்தியானமே போயிருந்தது. அதில் பங்குச்சாமியாரும் ஒருவர், சாமியார்கள் கட்சியில் சேரக்கூடாதல்லவா. அவர் தம் வெறும் நெற்றியைக் கொஞ்சம் ஏக்கமாகத் தடவிக்கொண்டு, மறைமாவட்டத்து மேற்றிராணியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தபசுக்காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதோடு அவருக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி.

இரண்டாவது வாரத்துக்குள் ஊர் அதைச் சுமக்கப் பழகிவிட்டது. நாவிதர் நெற்றியைச் சுற்றிச் சவரம் பண்ணப் பழகினார், தாய்மார் சின்னப்பிள்ளைகளிடம் தொட்டுக் காட்டி சிலுவை போடக் கற்றுக் கொடுத்தார்கள், கலியாணம் பேசியிருந்த வீட்டில் மாப்பிள்ளை நெற்றிச் சாம்பலும் பெண் நெற்றிச் சாம்பலும் ஒரே அளவா என்று பார்த்துத் திருப்திப்பட்டார்கள். கோபக்காரர்கள் கோபப்படும்போது சாம்பல் கொஞ்சம் அரித்தது, பொய் சொல்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூட அரித்தது, ஆகவே அந்த நாட்களில் வெண்மணல்துறையில் மீன் ஏலம் வெகு சீக்கிரம் முடிந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்று நீட்டிச் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? சாம்பல் கட்சி என்றார்கள், அந்தப் பேரே நின்றது.

அப்புறம்தான் உப்புக்கடை மைதீன் பிச்சை வந்தார். கழியோரத்தில் கடை வைத்திருந்த சாயபு. செசிலியைத் தேடி மூன்று நாள் கழியில் இறங்கியவர். நோட்டைப் பிடித்து, "என் பேரையும் எழுதும்" என்றார்.

"சாயபு, இது கிறிஸ்தவக் கட்சியாச்சே" என்று இழுத்தார் லெயோன்.

"கழித்தண்ணி என்ன, ஆளு பாத்தா இழுக்கு? எழுதும்வே."

விரல் பதித்து வீட்டுக்குப் போனவர் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் சாம்பல். அவர் பெண்சாதி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "அடுப்புச் சாம்பலை அள்ளச் சொன்னா ஒருநாளும் கேட்டதில்ல, இப்ப நெத்தியில சுமந்துட்டு வந்திருக்கியளோ" என்றாள், மறுநாள் அவளும் போய் விரல் பதித்தாள். அவர்களைப் பார்த்து பனையேறி தங்கக்கண் வந்தான். அவன் நெற்றியில் ஏற்கெனவே குறுக்கே மூன்று பட்டை விபூதி. நெடுக்கே ஒரு கோடு கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான். "சாம்பலுக்குச் சாம்பல் ஒண்ணும் சண்டை போட்டுக்கிடாது" என்று சொல்லிவிட்டுப் பனையேறப் போனான். அவன் பின்னால் பனைவிளைகளிலிருந்து ஜனங்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள், லெயோன் இரண்டாவது நோட்டு வாங்கித் தைத்துச் சேர்த்தார்.

தேர்தல் சின்னம் கேட்கப் போனபோது படகு, மீன், நங்கூரம் எல்லாம் மற்றத் தொகுதிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போக, மிச்சமிருந்தது கலப்பை. கடற்கரையில் ஒரு மனிதரும் கலப்பையைத் தொட்டதில்லை. "கலப்பைன்னா கலப்பை. பெட்டியில படம்தானே ஒட்டப்போறான், அதைவச்சு உழவா சொல்லுதான்?" என்றாள் பிரிஜித்தாள். ஆனால் லெயோனுக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய அதிசயத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு கலப்பை என்று சொல்லிக்கொண்டு திரிவதா? அச்சாபீசுக்குப் போய் ஒரு நோட்டீஸ் அடித்தார். 'எங்கள் நெற்றியே எங்கள் கொடி! இச்சாம்பல் சிலுவையே எங்கள் கட்சியின் அடையாளம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே தம் கையெழுத்தும் போட்டு, ஊர் ஊராகக் கொடுத்தார். கோட்டைத்தெருவிலும் ஒன்று பறந்து போய் விழுந்தது. மணியக்காரர் அதை எடுத்துப் படித்தார், நாலாக மடித்தார், சாவி இருந்த இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

வோட்டு நாள் ஈஸ்டருக்கு முந்திய நாளான பெரிய சனிக்கிழமையில் வந்தது. தேதி குறித்தவர்களுக்குப் பாஸ்காவும் தெரியாது, தபசும் தெரியாது. உப்புக் கிட்டங்கிதான் சாவடி. கிட்டங்கி வாசலிலிருந்து நூறு கஜத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கோட்டைத்தெருக்காரர்கள் ஏற்கெனவே வோட்டுப் போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் காலையிலேயே வெண்மணல்துறை வந்து நின்றது. வலைக்காரன் வந்தான், மரக்காரன் வந்தான், பேறுகாலம் ஆகி எட்டு நாளான பெண் வந்தாள், கட்டிலோடு கிழவர்கள் வந்தார்கள், சாயபு வந்தார், பெண்சாதியோடு வந்தார், தங்கக்கண் பனைநார்க் கச்சையோடேயே வந்தான், இரண்டாயிரத்து நூற்று நாலு சாம்பல் நெற்றிகள், ஒன்று குறையாமல்.

தேர்தல் அதிகாரி சிதம்பரநாதன் வெளியூர்க்காரர், இளம்வயது, கண்ணாடி போட்டவர், சட்டப்புத்தகத்தைக் கக்கத்தை விட்டு எடுக்காதவர். அவர் கோட்டுக்கு வந்து நின்றபோது பக்கத்தில் மணியக்காரர் நின்றார், கையில் நாலாக மடித்த நோட்டீஸ்.

"அம்மா, நீங்கதான் வேட்பாளரா? எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. சாவடிக்கு நூறு கஜத்துக்குள்ள கட்சி அடையாளம் எதையும் யாரும் அணிஞ்சு வரக்கூடாதுன்னு விதி. இந்தச் சாம்பல் உங்க கட்சி அடையாளம்னு உங்க தலைவரே கையெழுத்துப் போட்டு அச்சடிச்சிருக்கார். அழிச்சிட்டு வாங்க, விடறேன்."

"அழியாதே ஐயா."

அவர் நம்பவில்லை. தம் கைக்குட்டையை எடுத்து நனைத்து ஒரு கிழவரின் நெற்றியைத் தாமே துடைத்தார். மண்ணெண்ணெய் வாங்கிவரச் சொல்லித் துடைத்தார். பிறகு துணியால் கட்டி மறைத்துக்கொண்டு வரலாம் என்று இறங்கி வந்தார். முந்தானையைக் கிழித்து நெற்றியில் கட்டினார்கள்; துணியின் மேல் சாம்பல் சிலுவை ஊறி வந்து நின்றது. இரண்டு மடிப்பு கட்டினார்கள், இரண்டாவது மடிப்பிலும் வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விதி விதிதான் என்றார், குரல் இறங்கியிருந்தது.

"அஞ்சு மணிக்குச் சாவடி மூடிருவாங்க. நேரமிருக்கு, நல்லாத் தேயுங்க" என்றார் மணியக்காரர்.

லெயோன் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "என் கையாலயே கெடுத்தேனே! ஒரு நோட்டீஸை அடிச்சு ரெண்டாயிரம் பேரு வோட்டையும் கெடுத்தேனே!" வெயில் ஏறியது. கட்டிலில் கிடந்த கிழவர்கள் கிட்டங்கியைப் பார்த்தபடியே கிடந்தார்கள். பிரிஜித்தாள் கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். வலைக்காரன் இருக்கிறான், மரக்காரன் இருக்கிறான், சங்கு குளிக்கிறவன் இருக்கிறான். ஊர் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒன்றாக நின்றதில்லை.

அவள் லெயோன் பக்கத்தில் போய்க் குந்தினாள். "உபதேசியாரே, பதினோராவது விதியைப் படியும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நோட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். "மாட்டேன். எனக்கு ஆண்டவர் கொடுத்தது இது ஒண்ணுதான் பிரிஜித்தா. பிள்ளையா குட்டியா. நாப்பது நாளா ராத்திரி பகலா வளத்திருக்கேன். கொல்லச் சொல்லுதியே."

"கட்சி இல்லன்னா இது வெறும் சாம்பல். சாம்பலுக்குச் சட்டம் கிடையாது."

"மாட்டேன்."

பிரிஜித்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "அன்னைக்குக் கழியில செசிலி கடவத்தைக் கீழ போட்டிருந்தா உயிரோட இருந்திருப்பா. 'போட்டுருட்டி, மீன் போனாப் போவுது'ன்னு கத்த எனக்கு வாய் வரல. ஒரு மரத்துப் பாடாச்சேன்னு நினைச்சேன். பாவி, நினைச்சேன். இன்னைக்கு வாய் வருது, சொல்லுதேன். கீழ போடும் உபதேசியாரே. எத்தனை பாடுபட்டுச் சேத்ததா இருந்தாலும் சரி, கீழ போட்டுட்டு நாம கரையேறுவோம்."

லெயோன் எழுந்தார். எழுந்த பிறகு ஒருவரும் சொல்லாமலே கூட்டம் முழந்தாளிட்டது; கொதிக்கிற மணலில் இரண்டாயிரத்து நூற்று நாலு பேர், பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு, கிழவர்கள் கட்டிலிலிருந்து இறக்கப்பட்டு, சாயபு தொழுகைக்கு அமர்வது போல அமர்ந்து தம்முடைய பிரார்த்தனையைத் தம் பாஷையில் ஓத, தங்கக்கண் கச்சையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கைகூப்பி உதட்டை மட்டும் அசைக்க, மூன்று அருள்நிறை மந்திரமும் கடற்கரை முழுக்க ஒரே குரலாக எழுந்து, கிட்டங்கிக்குள்ளே இருந்த வோட்டுப் பெட்டிகளின் பூட்டுகளை லேசாகக் கிலுகிலுக்க வைத்தது. மந்திரம் முடிந்தது. லெயோன் நோட்டோடு நின்றார். குனிய முடியவில்லை அவரால். கடற்கரைக்காரர்தானே, அவருக்கும் அந்தப் பேச்சுதான் வாயில் வந்தது.

"ஒரு கை பிடி பிரிஜித்தா."

அவள் எழுந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக நோட்டை இறக்கி மணலில் வைத்தார்கள். அத்தோடு கட்சி கலைந்தது. பெண்கள் குலவையா ஒப்பாரியா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்பினார்கள், கடைசியில் அது குலவையாகத்தான் முடிந்தது.

சாம்பல் மட்டும் போகவில்லை. மணியக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "பாருங்க ஐயா, அடையாளம் அப்படியே நெத்தியில இருக்கு! எப்படி உள்ள விடுவீங்க?"

சிதம்பரநாதன் சட்டப்புத்தகத்தைக் கக்கத்திலிருந்து எடுத்துப் புரட்டினார், ஒரு பக்கத்தில் நின்று நிதானமாகப் படித்தார், மூடினார். "அடையாளம்தான். எந்தக் கட்சியின் அடையாளம்?"

"சாம்பல் கட்சி!"

"அப்படி ஒரு கட்சி இல்லையே. இப்ப என் கண் முன்னாலதான் கலைஞ்சுது, விதிப்படி, முழந்தாளிட்டு. நானே நேரத்தைக் குறிச்சிருக்கேன், பதினொன்று பத்து. இந்தம்மா இனிமேல் சுயேச்சை. சின்னம் கலப்பை. இங்க யார் நெத்தியிலயும் கலப்பை தெரியல." அவர் சுண்ணாம்புக் கோட்டைச் செருப்புக் காலால் தாண்டி ஒதுங்கி நின்றார். "வாங்க அம்மா. கூட்டமாத் தள்ளாம, ஒவ்வொருத்தரா வாங்க."

அடடா, அன்றைக்குப் போட்ட வோட்டு! அஞ்சு மணி அடிப்பதற்குள் இரண்டாயிரத்து நூற்று நாலு பேரும் கலப்பைப் பெட்டியில் சீட்டைப் போட்டு முடித்தார்கள். திங்கட்கிழமை பெட்டியை உடைத்து எண்ணினார்கள். எண்ணியவர்களின் விரல் நுனியெல்லாம் சாம்பல் ஒட்டியிருந்தது, கலப்பைப் பெட்டிச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு துளி இருந்ததாம். மணியக்காரர் பெட்டியில் எண்ணூற்றுச் சில்லறை. வேட்டு வெடித்தது, கோயில் மணி அடித்தது, உப்புக்கடையில் இனாமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், முழ நீளச் சாவியைச் சிதம்பரநாதன் ஒரு தட்டில் வைத்துப் பிரிஜித்தாளிடம் நீட்டினார். இரும்பு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சந்தை. விடியற்காலையில் பிரிஜித்தாள் எறவாணத்துக் கயிற்றை அவிழ்த்துச் செசிலியின் கடவத்தை இறக்கினாள், தூசி தட்டினாள், துள்ளுகிற சாளை நிறைய அள்ளிப் போட்டாள். லெயோன் ஒரு கை பிடித்தார், கடவம் தலைக்கு ஏறியது. பின்னால் முந்நூறு பெண்கள், முந்நூறு கடவங்கள். மரத்துப்போன பூட்டில் சாவி முதலில் திரும்ப மறுத்தது, பிரிஜித்தாள் அதற்கும் ஒரு வசவு வைத்தாள், உடனே திரும்பியது. வாசல் திறந்தது. எந்தக் காலத்திலும் கடற்கரைக் கால் படாத தெருவில் அவர்கள் நடந்தார்கள், நிமிர்ந்து நடந்தார்கள், கையை வீசி நடந்தார்கள், மீன்தண்ணீர் சொட்டச் சொட்ட, கொலுசு போட்டவள் கொலுசுச் சத்தத்தோடு, "சாளே! சாளே! உசிரு துடிக்கிற சாளே!" என்று கூவிக்கொண்டு ராஜாவின் ஊர்வலம் போன தெருவில் அதைவிடப் பெரிய ஊர்வலமாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. சாத்தட்டும், தெரு திறந்திருக்கிறதே.

தெருவின் நடுவில் ஒரு கதவு திறந்தது. மணியக்காரர் வீடு. அவர் சம்சாரம் பகவதியம்மாள் படியிறங்கி வந்தாள். பெரிய உடம்பு, மூக்குத்தி இரண்டு, கையில் ஒரு வெண்கலச் சட்டி. உள்ளேயிருந்து மணியக்காரரின் குரல் கூப்பிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன மீனு?"

"சாளை. இப்ப கரையேறினது."

"துள்ளுதே!" பகவதியம்மாள் எட்டிப் பார்த்து வாய் பிளந்தாள். "கலியாணமாகி வந்து முப்பது வருஷம். உங்க மீனைச் சந்தையில உச்சிக்குத்தானே வாங்குதோம். கண்ணு செத்த மீனைத் தவிர வேற பாத்ததில்ல. இந்தப் பூட்டைப் போட்டு யாரை ஏமாத்தினாங்களோ. ரெண்டு கூறு போடு."

பிரிஜித்தாள் நின்றாள். சந்தைக்குப் போய்த்தான் இறக்குவதென்று இருந்தாள். லெயோன் ஆண்களோடு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தார்; சுற்றி நின்ற பெண்கள் எல்லோர் தலையிலும் கடவம், கை கொடுக்க ஒருத்தியாலும் முடியாது. தெருவில் வெறுங்கையோடு நின்றவள் ஒருத்திதான்.

"ஒரு கை பிடிங்க" என்றாள் பிரிஜித்தாள்.

பகவதியம்மாள் சட்டியைப் படியில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். முன்னால் வந்து இரண்டு கைகளையும் உயர்த்திக் கடவத்தைப் பிடித்தாள். முகத்துக்கு முகம் நேராக, இரண்டு பேரும் மெல்லக் குனிந்து, செசிலியின் கடவத்தைக் கோட்டைத்தெருவில் இறக்கி வைத்தார்கள். பிரிஜித்தாளின் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து அந்த அம்மாளின் மணிக்கட்டில் கறுப்பாகச் சொட்டியது.

"ஐயோ, என்னமோ பட்டிருச்சே. என்ன இது, சாம்பலா?"

"சாம்பல்தான்மா. தொடச்சா போயிரும்."

பகவதியம்மாள் முந்தானையால் துடைத்தாள். போய்விட்டது.